கம்பியின் மௌனம்

நியாயவிலைக் கடையின் வரிசையிலோ, இ-சேவை மையத்தின் பெஞ்சிலோ, தாலுக்கா அலுவலகத்து வேப்பமர நிழலிலோ அரைநாள் காத்திருந்து, முறை வந்து கவுண்டரை அணுகுகிற சமயத்தில், "சர்வர் டவுன் அம்மா, நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் அனுபவம் இன்று தமிழ்நாட்டு ஏழை எளியவர்களுக்குப் புதிதன்று. ஒரு நாள் கூலியை இழந்து வீடு திரும்பும் மூதாட்டிக்கு, எங்கோ தொலைவில் ஓர் இயந்திரம் பேச்சை நிறுத்திவிட்டது என்பது மட்டுமே தெரியும்; அது எப்பொழுது நின்றது, எந்த இடத்தில் நின்றது, நின்றதை முதலில் அறிந்தவர் யார் என்பவற்றை அவளுக்கு எடுத்துச் சொல்லுவார் இல்லை. ஆயினும், அரசாங்கத்தின் காரியங்கள் கம்பியை நம்பி நடக்கத் தொடங்கிய நாள் முதலாக, அக்கம்பியைக் காவல் காத்தவர்களின் உறக்கத்தைக் கெடுத்து வந்த வினாக்கள் இம்மூன்றுமேயாம். பொது ஸ்தாபனங்களின் கணிப்பொறிகளையும் வலையமைப்புகளையும் இரவு பகலாகக் கண்காணிக்கும் தொழிலை இருபது முப்பது ஆண்டுகளுக்குள் பிறந்த புதுமை என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் வேர் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னே, நம் நாட்டுத் தந்தி இலாகாவில் ஊன்றியிருக்கிறது.

மௌனத்தில் இரண்டு வகை உண்டு. சொல்லுவதற்கு ஒன்றுமில்லாமையால் விளைவது ஒன்று. சொல்லும் வாயே அடைபட்டுப் போனதால் விளைவது மற்றொன்று. நேரில் இருப்பவரிடத்தில் இவ்விரண்டையும் முகத்தைப் பார்த்தே பிரித்தறிந்துவிடலாம். தபாலைச் சுமந்து ஓடிவரும் ஆளைக்கூட, வழக்கமாக வரும் வேளை தப்பிவிட்டால், ஆற்றில் வெள்ளமோ, வழியில் ஆபத்தோ என்று ஊகித்து ஆள் அனுப்பித் தேடலாம். தந்திக் கம்பியின் நிலை அப்படிப்பட்டதன்று. செய்தி வராத வேளையில் நல்ல கம்பியும் மௌனமாகவே இருக்கும். அறுந்த கம்பியும் அதே மௌனத்தோடுதான் இருக்கும். அவ்விரு மௌனங்களையும் வேறு பிரித்துக் காண மனிதர் செய்த பிரயத்தனமே இத்தொழிலின் சரித்திரம் என்று சொல்லுவதில் பிழையில்லை.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்து வந்த வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்னும் ஐரிஷ் மருத்துவர், 1839-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கம்பி கட்டிப் பரிசோதனை செய்து பார்த்தார். டல்ஹௌசி பிரபு அவருடைய திட்டத்தை ஆதரித்ததன் பயனாக 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடிற்று. 1853-இன் இறுதியில் தொடங்கிய பெரிய வேலை சில மாதங்களுக்குள் ஆக்ராவைத் தொட்டு, பின்னர் பம்பாயையும் சென்னையையும் பற்றிக்கொள்ள, 1855 பிப்ரவரியில் பொதுஜனங்களும் காசு கொடுத்துத் தந்தி அடிக்கலாம் என்ற நிலை வந்தது. நாலாயிரம் மைல் அளவுக்குக் கம்பி இழுத்தாயிற்று. ஆனால் அந்த நாலாயிரம் மைலையும் பார்த்துக்கொள்ளும் வித்தை அப்பொழுது எவருக்கும் தெரியாது. மரக் கம்பங்களைக் கரையான் தின்றது, குரங்குகள் கம்பியில் தொங்கின, இடி விழுந்தது, புயல் சாய்த்தது. எங்கே கோளாறு என்பதைக் கண்டறிய, கம்பியின் வழியே நடந்து பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் அதிகம் இல்லை.

1857-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலையில், டில்லிக் காஷ்மீர் வாசலுக்கு வெளியே இருந்த தந்தி அலுவலகத்தில் நிகழ்ந்த சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. மீரட் நகரம் பதில் சொல்லவில்லை. அலுவலகத்தின் தலைவராயிருந்த சார்லஸ் டாட் என்பவர், பிரெண்டிஷ், பில்கிங்டன் என்ற இளம் சிக்னலர் இருவரையும் யமுனையைக் கடந்து அக்கரைக்கு அனுப்பினார். ஆற்றின் அடியில் கிடந்த கேபிள் கரையேறும் இடத்தில் நின்றுகொண்டு, அவர்கள் டில்லியோடு பேசிப் பார்த்தார்கள், டில்லி கேட்டது. மீரட்டை அழைத்துப் பார்த்தார்கள், மீரட் கேட்கவில்லை. ஆகவே ஆற்றுக் கேபிள் நன்றாயிருக்கிறது, பழுது அதற்கு அப்பாலேதான் என்பது நிச்சயமாயிற்று. பழுதை இரண்டு கூறாக்கி, இந்தப் பாதியில் இல்லை, அந்தப் பாதியில்தான் இருக்கிறது என்று குறுக்கிக்கொண்டே போகும் இந்த முறையை இன்றைக்கு ஒவ்வொரு வலையமைப்புப் பொறியாளரும் முதற்பாடமாகக் கற்கிறார். மறுநாள் காலையில் டாட் தாமே பழுதைத் தேடிப் புறப்பட்டார். படகுப் பாலத்தை நோக்கிப் போனவர் திரும்பி வரவில்லை. மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் அதற்குள் டில்லிக்குள் நுழைந்திருந்தார்கள். இளைஞர் இருவரும் அம்பாலாவுக்கு அனுப்பிய எச்சரிக்கை பஞ்சாப் முழுதும் பரவிற்று.

அந்தக் கம்பி நம்மை ஆண்ட அந்நியரின் சாதனம் என்பதையும், அதை வெட்டியவர்கள் அதன் வலிமையை நன்றாக அறிந்தே வெட்டினார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. இங்கே என் சிந்தையை நிறுத்துவது வேறொன்று. மீரட்டிலிருந்து வந்த மிகப் பெரிய செய்தி அந்த மௌனமேயாகும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதைக் கவனித்தவர்கள் அதைக் கம்பியின் பழுதாகவே எண்ணினார்கள். ஒரு யுகமே புரண்டுகொண்டிருக்கிறது என்பதை அந்த மௌனம் சொல்லியும் அவர்களுக்கு விளங்கவில்லை. அளவுகோல் இல்லாத காவலின் குறை இது.

அளவுகோலைக் கொடுத்தவர் ஒரு ஜெர்மானியர். லூயி ஸ்வெண்ட்லர் என்ற அவர் இந்தியத் தந்தி இலாகாவில் பணியாற்றிய எஞ்சினியர். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலை உருவாவதற்கும் முக்கிய காரணமாயிருந்தவர்களில் ஒருவர் என்பதால், வங்காளத்தில் அவர் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் மிருகங்களோடு சேர்த்தே அறிவார்கள். அவர் இந்திய அரசாங்கத்திற்காக எழுதி, 1878-இல் முதற்பாகமும் 1880-இல் இரண்டாம் பாகமுமாக லண்டனில் வெளிவந்த நூல், தந்திக் கம்பிகளைப் பரிசோதிக்கும் விதிகளைப் பற்றியது. கணக்கும் படமும் நிறைந்த அந்த நூலைப் பொழுதுபோக்காகப் படிக்க முடியாது. ஆயினும், பொதுச் சாதனம் ஒன்றைக் காவல் காப்பது எப்படி என்பதை அதற்கு முன்னர் அவ்வளவு ஒழுங்காக நம் நாட்டில் எவரும் எழுதிவைத்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

கம்பி ஒன்றுக்கு நேரக்கூடிய நோய்கள் பெரும்பாலும் மூன்று. அறுந்து போகலாம், பக்கத்துக் கம்பியின் மேல் சாய்ந்து அதனோடு ஒட்டிக்கொள்ளலாம், மரக்கிளையையோ நனைந்த கம்பத்தையோ பற்றி மின்சாரம் தரைக்குள் கசிந்துவிடலாம். முதல் நோய், அழைத்துப் பார்த்த மாத்திரத்தில் வெளிப்படும். மூன்றாவது நோயோ மெல்ல மெல்ல வளர்வது. பீங்கான் குமிழில் விரிசல் விழுந்து, கடற்கரையோரத்தில் உப்புப் படிந்து, மழைக்காலத்தில் ஈரம் ஏறி, செய்தி இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பியின் உயிர் தேய்ந்துகொண்டிருக்கும். இந்தக் கசிவை அளப்பதற்கு அலகு வேண்டும். 1860-களில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் சபை ஒன்று கூடி மின்தடைக்கு ஓம் என்ற அலகை வகுத்ததற்கு, தந்திக்காரர்களின் இந்தத் தேவையே பெரிய தூண்டுகோல். ஒரு மைல் கம்பிக்குப் பத்து ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். தரையோடு முற்றும் ஒட்டிவிட்ட கம்பியை அளந்தபோது முந்நூறு ஓம் காட்டினால், முப்பதாம் மைலில் பழுது என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடலாம். பழுது அரைகுறையாக இருந்தாலோ, இருமுனையிலும் அளந்து கணக்கிட வேண்டும். ஐம்பது மைல் வெயிலில் நடந்த லைன்மேன், இனி நேராக முப்பதாம் மைலுக்கே ஏணியோடு போகலாம்.

இதனினும் நுட்பமான விஷயம் பதிவேடு. இன்று ஒரு கம்பியின் காப்புத்தடை இவ்வளவு என்ற எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. போன வாரம் எவ்வளவு, போன மழைக்காலத்தில் எவ்வளவு, பக்கத்துக் கம்பிக்கு இன்று எவ்வளவு என்று ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்கும். அதனாலேயே ஒழுங்கான சோதனையும், ஒவ்வொரு சோதனையையும் ஒரே முறையில் எழுதிவைப்பதும் தந்தி இலாகாவின் ஆசாரமாயின. நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஜுரக் கணக்கைப் போன்றது அது. ஒரு வேளையின் வெப்பத்தைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வதில்லை. நம் மொழியில் கண்காணி என்ற சொல் பழையது. களத்து நெல்லையும், பின்னாளில் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத்துக் கூலிகளையும் பார்த்துக்கொண்டவனுக்கு அப்பெயர் வழங்கிற்று. மனிதர்களை மேற்பார்த்த அக்கண்காணிப்பின் கசப்பான நினைவுகள் நம்மவர்க்கு நிரம்ப உண்டு. கம்பியைக் கண்காணிக்கும் இந்தப் புதிய வேலையோ, மனிதருக்காகப் பொருளைக் கண்காணிப்பது. அச்சொல்லுக்கு அது ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு ஊர்களின் பதிவேடுகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு ஊர்களின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரம் தந்தி மூலம் பரப்பப்பட்டு, இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாகப் பல்லாண்டுகள் வழங்கிற்று. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வரும் வரையில் ரயில்கள் சென்னை நேரத்துக்கே ஓடின. இந்தப் பழைய பெருமையைச் சென்னைவாசிகளே இன்று மறந்துவிட்டார்கள்.

மௌனத்தைப் பிரித்தறியும் வழியில் மற்றொரு பெரிய யோசனை ரயில்வேயிலிருந்து வந்தது. செய்தி அனுப்பும்போது மட்டும் மின்சாரத்தைச் செலுத்துவது ஒரு முறை. எப்பொழுதும் மின்சாரத்தை ஓடவிட்டு, செய்திக்காக அதை இடையிடையே துண்டிப்பது மற்றொரு முறை. அமெரிக்கத் தந்திகள் பெரும்பாலும் இரண்டாம் முறையைக் கையாண்டன. அதில் கம்பி அறுந்தால் அந்தக் கணமே தெரிந்துவிடும். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் இந்தத் தத்துவத்தைத் தண்டவாளத்துக்கே பொருத்தினார். தண்டவாளத்தின் வழியாக மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ரயில் ஏறினாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் தீர்ந்து போனாலும் அது நின்று, கைகாட்டி ஆபத்தைக் காட்டும். நலமாயிருப்பவன் இடைவிடாது குரல் கொடுக்க வேண்டும், குரல் நின்றால் ஆபத்து என்று கொள்ள வேண்டும் என்ற இந்த விதி, காட்டில் துணையோடு நடப்பவர்களுக்குத் தெரிந்த விதிதான். இயந்திரங்களுக்கு அதைக் கற்பிக்க இத்தனை காலம் ஆயிற்று.

இதன் பின் நூறாண்டுகளை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். தொலைபேசியும், டெலிபிரிண்டரும், மைக்ரோவேவும் வந்தபோது கருவிகள் மாறின. காவலின் தத்துவம் மாறவில்லை.

கணிப்பொறி அரசாங்க அலுவலகங்களுக்குள் வந்தபோது ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. ரயிலில் இடம் பதிவு செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பருமனான பேரேடுகளில் குமாஸ்தாக்கள் எழுதிவந்த காலத்தில், ஒரு பேரேடு தொலைந்தால் ஒரு ரயிலின் பயணிகளுக்கே கஷ்டம். 1985 நவம்பரில் டில்லியில் சோதனையாகத் தொடங்கி, 1987-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கும் வந்த கணிப்பொறிப் பதிவு முறையில், நடுவிலிருந்த இயந்திரம் ஒன்று மயங்கினால் நகரத்துக் கவுண்டர்கள் எல்லாம் ஒருசேர வாய் மூடிக்கொள்ளும். செகந்திராபாத்தையும் சேர்த்து ஐந்து மையங்கள் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டு, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் சீட்டு வாங்கலாம் என்ற அரிய வசதி வந்தபோது, ஓரிடத்துப் பழுது ஆயிரம் மைலுக்கு அப்பால் நிற்கும் பயணியையும் பாதிக்கும் என்ற பொறுப்பும் உடன் வந்தது.

1976-இல் நிறுவப்பட்ட தேசிய தகவலியல் மையம், என். சேஷகிரியின் தலைமையில் 1980-களின் பிற்பகுதியில் நிக்நெட் என்ற வலையமைப்பைக் கட்டியது. டில்லியில் ஒரு தலைமைத் தரைநிலையமும், கலெக்டர் அலுவலகங்களின் மொட்டை மாடியில் சிறு தட்டு ஆன்டெனாக்களும் வைத்து, செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை ஒன்றோடொன்று பேசவைத்த முயற்சி அது. தொலைபேசியில் டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த அக்காலத்தில் இது சாமானியமான சாதனை அன்று. பேச்செல்லாம் தலைமை நிலையத்தின் வழியாகவே போகவேண்டியிருந்தமையால், எந்த மாவட்டம் மௌனமாகிவிட்டது என்பது டில்லிக்குத் தெரியும். ஏன் மௌனமாயிற்று என்பதோ அந்த மாவட்டத்துக்கே தெரியும். மின்சாரம் போயிருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், காற்றில் தட்டு அசைந்திருக்கலாம். யமுனைக் கரையின் கதையே மீண்டும்.

இன்றைய கண்காணிப்புக் கருவிகளின் மூலமும் பொது ஸ்தாபனங்களிலேயே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், தம் வலையமைப்பு ஒன்று வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதைக் கண்டு, அதன் காரணத்தை அறிவதற்காக ஒரே இரவில் பிங் என்ற சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலி அலை போய் மோதித் திரும்புவது போல, "இருக்கிறாயா?" என்று ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, "இருக்கிறேன்" என்ற எதிரொலி வர எத்தனை நேரம் ஆகிறது என்று அளப்பது அதன் வேலை. 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வெளியாகி, வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளெல்லாம் ஒரே பாஷையில் தம் நிலையைச் சொல்ல வழி பிறந்தது. 1995-இல் இங்கிலாந்தில் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த தோபியாஸ் ஊட்டிக்கர், பல்கலைக்கழகம் முழுவதும் நம்பியிருந்த வினாடிக்கு 64 கிலோபிட் இணைப்பு எவ்வளவு நெரிசலில் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, நாள், வாரம், மாதம், ஆண்டு என்று வரைபடமாக்கும் எம்.ஆர்.டி.ஜி. நிரலை எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி கொடுத்துவிட்டார். ஸ்வெண்ட்லரின் பதிவேடு தானே எழுதிக்கொள்ளக் கற்றுக்கொண்டது என்று இதைச் சொல்லலாம்.

நம் நாட்டில் 2005-இல் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புத் திட்டமும், 2006-இல் தேசிய மின்னாளுகைத் திட்டமும் ஒப்புதல் பெற்றன. மாநிலத் தலைநகரத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும் வினாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் கொண்ட இணைப்புகள் திட்டமிடப்பட்டன. மாநிலந்தோறும் தரவு மையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் அப்பொறுப்பை ஏற்ற எல்காட் என்ற அரசு நிறுவனம் சென்னைப் பெருங்குடியில் தரவு மையத்தை நடத்துகிறது. இணைப்புகளை நடத்தும் ஒப்பந்தக்காரருக்கு, அவை நூற்றுக்கு எத்தனை பங்கு நேரம் உயிரோடு இருந்தன என்ற கணக்கைப் பார்த்தே பணம் தரவேண்டும் என்றும், அக்கணக்கைச் சரிபார்க்க மூன்றாவது தரப்பாகத் தணிக்கையாளர் வேண்டும் என்றும் விதி வகுத்தார்கள். நல்ல விதிதான். ஆயினும் அதனால் ஒரு புதுக் கேடும் விளைந்தது: காவலின் நோக்கம் பழுதை அறிவதிலிருந்து நழுவி, பில்லை நியாயப்படுத்துவதில் போய் நின்றுவிடக்கூடும்.

நூற்றுக்கு 99 பங்கு என்றால் கேட்பதற்கு முழுமை போலத் தோன்றும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் நூற்றில் ஒரு பங்கு 87 மணி 36 நிமிடம். அது முழுதும் நள்ளிரவில் கழிந்தால் எவருக்கும் நஷ்டமில்லை. ஜூன் மாதத்தில், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அலையும் நாட்களில் அது விழுந்தால், பத்து அலுவல் நாட்களுக்கு மேல் கதவடைத்ததற்குச் சமம். கணக்கேடு இரண்டையும் ஒன்றாகவே எழுதும். மேலும், தலைநகரத்துச் சுவரில் பெரிய திரையிலே எல்லாம் பச்சையாக எரியும்போதே, கிராமத்துக் கவுண்டரில் கைரேகைக் கருவி சுற்றிக்கொண்டேயிருப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இணைப்பு உயிரோடுதான் இருந்தது. அதன் அக்கரையில் நின்று மறுபக்கத்தை அழைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தீய நிரல் ஒன்றால் பூட்டப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. வலையமைப்பு முறையாகப் பகுதிபகுதியாகப் பிரிக்கப்படாததே வழிவிட்டது என்று அமைச்சர் பின்னர் மாநிலங்களவையில் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும், எல்லா இயந்திரங்களின் கடிகாரங்களும் நாட்டின் பொது நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று, கணிப்பொறிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டிருந்தது. பதிவேடும் கடிகாரமும் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய தந்திக்காரர் கேட்டவைதாம்.

அந்தத் தந்தி 2013 ஜூலை 14-ஆம் நாள் இரவோடு நின்றுவிட்டது. அதன் காவலர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்களுடைய வேலையை இன்று தரவு மையங்களின் குளிர்ந்த அறைகளில் இரவு முறையில் விழித்திருக்கும் இளைஞர்கள் செய்கிறார்கள். அவர்களில் ஒப்பந்த ஊழியர்கள் பலர். அவர்கள் கண்ட பழுதைச் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மேலதிகாரியின் தொலைபேசி ஒலித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பலருக்கு வாய்த்த வேலை. கருவி வாங்கப் பல கோடி செலவிடும் அரசாங்கங்கள், கருவியைப் படிக்கும் மனிதனுக்கு நிலையான வேலையும், இரவிலும் ஆள் அனுப்பும் அதிகாரமும் கொடுக்கத் தயங்குவது பெரிய பிழை என்பது என் தீர்மானமான எண்ணம்.

பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பழுதுப் பதிவேட்டில் நேரத்துக்கும் காரணத்துக்கும் கட்டம் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள்: இதை முதலில் கண்டது நம் கருவியா, கவுண்டரில் நின்ற பெண்மணியா என்று. மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள்.